ஈசிங்டனா, கிரைம்தார்ப்பா?

இங்கிலாந்தின் பழைய நிலக்கரி ஊர் ஒன்றைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நான் டர்ஹாம் கடற்கரையிலுள்ள ஈசிங்டன் கொலியரிக்குத்தான் போகச் சொல்வேன். யார்க்ஷயரின் கிரைம்தார்ப்பும் லேசுப்பட்டதல்ல. இரண்டு ஊர்ச் சுரங்கங்களும் 1993-இல்தான் மூடப்பட்டன.

ஈசிங்டனில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். தெருப் பெயர்கள் அகராதி மாதிரி: ஒரு வரிசை முழுக்க 'ஏ'யில் தொடங்கும், அடுத்தது 'பி', அப்புறம் 'சி'. சுரங்கம் இருந்த மேட்டில், தொழிலாளர்களைக் கீழே இறக்கிய இரும்புக் கூண்டை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். 1951 மே 29 அன்று நடந்த வெடிவிபத்தில் செத்தவர்கள் 83 பேர். அதில் இருவர் காப்பாற்றப் போனவர்கள். கூண்டுக்கு அந்தப் பக்கம் கடல். சுரங்கக் கழிவைப் பல்லாண்டு கொட்டிக் கருத்துப்போன கரை அது. துப்புரவுப் பணிக்குப் பிறகு இப்போது அங்கே நடக்க முடிகிறது.

கிரைம்தார்ப்பின் சொத்து வேறு: 1917-இல் தொடங்கிய பித்தளை வாத்தியக் குழு. 1992 அக்டோபரில், சுரங்கங்களை மூடும் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியை வென்றார்கள். சுரங்கம் போயும் குழு போகவில்லை.

பிழைப்பு என்று பார்த்தால் கிரைம்தார்ப் கொஞ்சம் தேவலை. பக்கத்தில் பெரிய கிடங்குகள் வந்தன. சம்பளமும் சங்கமும் பழைய மாதிரி இல்லை, சரி, வேலையாவது உண்டு. ஈசிங்டனில் வேலைக்கு வெளியூர் போக வேண்டும். ஆனால் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கூண்டும் கடல்காற்றும் போதும்.