பேட்டரி நிரம்பிய பிறகு: வெந்நீரா, மோட்டாரா, வெறும் சூடா?

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடியில் காற்று ராத்திரி பகல் பார்க்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து விழும் அந்தக் காற்றில், தோட்டத்து வீட்டில் நிற்கும் 1 கிலோவாட் காத்தாடி (சிறு காற்றாலை) நடுச்சாமத்திலேயே பேட்டரியை நிரப்பிவிடும். மானூர்ப் பக்கம் சோலார் மட்டும் வைத்திருப்பவருக்குச் சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நிரம்பிவிடும். மிச்சக் கரண்டை எங்கே விடுவது என்றுதான் இருவரும் கேட்கிறார்கள். ஆனால் இருவர் நிலைமையும் ஒன்றல்ல.

சோலார் பேனலிலிருந்து கரண்டை எடுக்காமல் விட்டால் அதற்கு ஒரு கேடும் இல்லை. சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகக் குறைத்துக்கொள்ளும், நஷ்டம் வீணாகும் யூனிட் மட்டும்தான். காத்தாடி அப்படி இல்லை. கரண்டை இழுக்கும் சுமை விட்டுப்போன நொடியில் வேகம் கூடும், வோல்டேஜ் ஏறும். முதலில் கன்ட்ரோலரில் ஸ்விட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட்டும் கெபாசிட்டரும் போகும், காற்று பலமாக இருந்தால் இறக்கைக்கும் ஆபத்து. ஆகவே டம்ப் லோடு, அதாவது மிச்சக் கரண்டைக் கொட்டும் சுமை, சோலாருக்கு வசதி, காத்தாடிக்குக் கட்டாயம். கடையில் இந்த வித்தியாசத்தைச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

எந்தச் சுமையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது எப்போது ‘போதும்’ என்று கையை விரிக்கும் என்பதை. வாட் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

வெந்நீர்

ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். 100 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 3.7 யூனிட். கேட்க நல்ல சேமிப்புதான். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் வருஷத்தில் எத்தனை நாள் 100 லிட்டர் வெந்நீர் தேவைப்படுகிறது? குற்றாலம் சாரலில் விடுதி நடத்துபவருக்குச் சரி, திசையன்விளைத் தேரிக்காட்டில் இருப்பவருக்கு வேண்டாத வேலை. 60 டிகிரியில் தெர்மோஸ்டாட் துண்டித்ததும் சுமையும் போச்சு. உப்புத் தண்ணீர் வரும் போர் என்றால் ஹீட்டர் காயிலைச் சுற்றி வெள்ளையாகத் தடித்த ஓடு கட்டும், உள்ளே காயில் வெந்து அறும். 55 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தால் கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும்.

இதில் பலரும் செய்யும் தவறு, வீட்டு கீசர் காயிலை 48 வோல்ட் பேட்டரியில் நேராகக் கட்டுவது. 230 வோல்ட், 2 கிலோவாட் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 26 ஓம் சொச்சம். 48 வோல்ட் பேட்டரி நிரம்பும்போது வரும் 56 வோல்ட்டில் அது இழுப்பது 120 வாட் கூடத் தேறாது. அதைவிட மோசம் தெர்மோஸ்டாட். ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் விலகும்போது பொறி தானே அணையும். பேட்டரியின் டிசியில் அணையாது. காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கொதிக்கும். தெர்மோஸ்டாட் கட்டளை மட்டும் கொடுக்கட்டும், கரண்டைத் துண்டிக்கும் வேலையை டிசி சாலிட் ஸ்டேட் ரிலே (காண்டாக்ட் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) செய்யட்டும். தொட்டியில் பிரஷர் ரிலீஸ் வால்வு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

மோட்டார்

60 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் ஏற்ற, கணக்குப்படி 164 வாட்-மணி. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்று வைத்தால் 410. அதாவது ஒரு யூனிட்டுக்கு 2,400 லிட்டர். 100 லிட்டர் வெந்நீருக்குப் போகும் கரண்டில் ஏறத்தாழ 9,000 லிட்டர் வாழைக்குப் பாயும். நம் ஊருக்கு எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் ஸ்டார்ட்டிங்கில். 1 எச்பி சிங்கிள் பேஸ் நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது 1.1 கிலோவாட் அளவில்தான் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். 3 கேவிஏ இன்வெர்ட்டர் டிரிப் ஆவது அதனால்தான். மெதுவாக வேகமேற்றும் டிரைவ் போடலாம், அல்லது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டாரும் அதன் கன்ட்ரோலரும் வாங்கலாம். வோல்டேஜை மட்டும் பார்த்து ரிலேயை இயக்கினால் இன்னொரு தொல்லை: மோட்டார் ஓடியதும் வோல்டேஜ் இறங்கும், ரிலே விடும், வோல்டேஜ் ஏறும், மறுபடி பிடிக்கும். நிமிஷத்துக்கு நாலு தடவை இப்படிக் கிளம்பினால் கெபாசிட்டரும் வைண்டிங்கும் தாங்காது. லித்தியம் பேட்டரியில் சார்ஜ் 95 சதவீதத்தில் ஆன், 88-ல் ஆஃப், இடையில் குறைந்தது 10 நிமிஷ இடைவெளி என்று வைத்துவிட்டால் அடங்கும்.

இதுவும் ‘போதும்’ சொல்லும் சுமைதான். தொட்டி நிரம்பும், வாழைக்கு நேராக விட்டால் போர் வற்றும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாதபடி டிரை ரன் பாதுகாப்பு வேண்டும்.

வெறும் சூடு

காற்றில் சூட்டை விடும் ரெசிஸ்டருக்கு நிரம்பவே தெரியாது. பயன் பூஜ்யம், நம்பிக்கை நூறு. 1 கிலோவாட் காத்தாடிக்கு ஒன்றரை மடங்கு சுமை வையுங்கள்: 8.2 ஓம், 500 வாட் கம்பி ரெசிஸ்டர் நான்கு, பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்து. மொத்தம் 2.05 ஓம். 56 வோல்ட்டில் 27 ஆம்ப், 1,530 வாட். ஒன்று அறுந்தாலும் 1,150 வாட் மிச்சமிருக்கும், ஒரே பெரிய ரெசிஸ்டரில் அந்த வசதி இல்லை. 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 40 ஆம்ப் டிசி ஃபியூஸ். ஃபியூஸை இதைவிடக் குறைந்த ஆம்ப்பில் போட வேண்டாம், அது போனால் காத்தாடி அவிழ்த்துவிட்ட காளை. ரெசிஸ்டரின் மேல்சூடு 200 டிகிரியைத் தாண்டலாம் என்பதால் சிமெண்டுச் சுவரில், கம்பி வலைக்குள், மேலும் கீழும் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். ஓலைக் கொட்டகைப் பக்கமே போகாதீர்கள்.

16 செல் லித்தியம் (எல்எஃப்பி) பேட்டரியில் இந்த ரெசிஸ்டர் சுமை 56 வோல்ட்டில் பிடிக்கட்டும். செல் 3.65 வோல்ட்டைத் தொட்டு, பேட்டரிக்குக் காவலான பிஎம்எஸ் சர்க்யூட் அதைக் கழற்றிவிட்டால், காத்தாடிக்குப் பிடிமானமே போய்விடும். டியூபுலர் (லெட் ஆசிட்) பேட்டரிக்கு 56 குறைவு, முழுச் சார்ஜ் ஏறாமல் தட்டில் சல்பேட் படியும். அதற்கு 25 டிகிரியில் 57.6. பேட்டரி அறை 38 டிகிரி என்றால் ஒன்றேகால் வோல்ட் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சோலார் மட்டும் உள்ளவர் மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளலாம். மாவாட்டுவதை மதியத்துக்கு மாற்றினால் அதுவும் காசில்லாத டம்ப் லோடு. காத்தாடி உள்ளவர் மோட்டாரை முன்னால் விட்டு, ரெசிஸ்டரைக் கடைசிக் காவலாக வைக்கட்டும். அந்தக் காவல் இன்வெர்ட்டர் வழியாகப் போகக் கூடாது. இன்வெர்ட்டர் டிரிப் ஆகும் ராத்திரியில்தான் அதற்கு வேலையே வரும்.

வைகாசியில், காற்று எழும்பும் முன் ஒரு சோதனை. ரெசிஸ்டரைப் பிடிக்க வைக்கும் டம்ப் கன்ட்ரோலரின் அளவை 50 வோல்ட்டுக்கு இறக்குங்கள், சுமை முழுதாகப் பிடிக்கும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டினால் பேட்டரி 53 வோல்ட்டில் இருக்கும்போது 26 ஆம்ப் காட்ட வேண்டும். 19 காட்டினால் நான்கில் ஒன்று அறுந்திருக்கிறது.