தின்கிறதா, சுவாசிக்கிறதா? மாசு சிதைக்கும் பாக்டீரியாவைத் தேடும் வழிகள்

எண்ணெய் சிந்திய மண்ணிலும் கரைப்பான் கசிந்த நிலத்தடி நீரிலும் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் மாசைச் சிதைப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

பழைய வழி, மாசுப்பொருளை மட்டுமே உணவாகக் கொடுத்துத் தட்டில் வளர்ப்பது. செலவு குறைவு, உயிருள்ள பாக்டீரியாவே கையில் கிடைக்கும். ஆனால் மண்ணில் இருப்பவற்றில் சுமார் 1 சதவீதம்தான் சாதாரணத் தட்டில் வளரும். அதனால் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்றால், மண்ணில் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

க்யூபிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் சோதனை. வளர்ப்பு வேலையே இல்லாமல் மரபணுவை நேரடியாக எண்ணும். எந்த மரபணுவை எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். டிஹலோகாக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானின் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, குளோரினே இல்லாத எத்தீன் வரை கொண்டுபோகும் இதன் 195 என்ற வகையைப் பற்றி 1997இல் அறிவித்தார்கள். பாக்டீரியாவின் இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை எண்ணினால் டிஹலோகாக்காய்ட்ஸ் இருப்பது தெரியும், அதன் திறமை தெரியாது. எத்தீனுக்கு முந்தைய படியான வினைல் குளோரைடைத் தாண்டத் தெரியாத வகைகளும் உண்டு. வினைல் குளோரைடோ புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வினைல் குளோரைடை எத்தீனாக்க உதவும் விசிஆர்ஏ, பிவிசிஏ மரபணுக்களைச் சேர்த்து எண்ணினால்தான் கடைசிப் படியைத் தாண்டும் ஆள் உண்டா என்று தெரியும். குறையும் உண்டு: செத்த செல்லின் டிஎன்ஏவும் கணக்கில் சேரும், மக்கிய பொருளிலிருந்து மண்ணில் சேரும் ஹியூமிக் அமிலம் சோதனையின் வினையைக் கெடுத்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

ஐசோடோப்பு முறை முற்றிலும் வேறு. மாசுப்பொருளில் சாதாரணக் கார்பனைவிடக் கனமான கார்பன்-13ஐ ஏற்றிக் கொடுத்தால், தின்ற பாக்டீரியாவின் டிஎன்ஏ கனமாகிவிடும். மையவிலக்கில் சுழற்றி அதைத் தனியே பிரிக்கலாம். எந்த மரபணு என்று முன்கூட்டியே தெரிய வேண்டாம், அதுவே எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் டிஹலோகாக்காய்ட்ஸிடம் இது பலிக்காது. அது குளோரின் சேர்மத்தைத் தின்பதில்லை, நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல் சுவாசிக்கப் பயன்படுத்துகிறது. உடல் வளர்க்கும் கார்பனை அசிட்டேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அப்புறம் கனம் எங்கிருந்து ஏறும்? இன்னொரு சிக்கல், நாள் கடந்தால் தின்றவற்றின் கழிவை உண்ட வேறு பாக்டீரியாவும் கனமாகிவிடும்.

இன்னொரு வழி, ஒளிரும் மரபணு பொருத்திய பாக்டீரியாவை மண்ணில் விட்டுக் கவனிப்பது. அது நாமே விட்டதை மட்டும்தான் காட்டும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஒளிராது.

என் தேர்வு: கரைப்பான் கலந்த நீருக்கு க்யூபிசிஆர். எண்ணெய் மண்ணுக்கு முதலில் ஐசோடோப்பு, அதில் சிக்கிய மரபணுவை வைத்துப் பிறகு க்யூபிசிஆர். எந்த முறையானாலும் கிணற்று நீரோடு நிறுத்தாமல், முடிந்தால் அடிமண்ணும் எடுங்கள். துகளில் ஒட்டியிருப்பவை நீரோடு வராது.