வைகை, காவிரிக் குழாய், ஊருணி, கேன்: ராமநாதபுரத்தில் எதைக் குடிப்பது?

எங்கள் கடற்கரைப் பக்கம் தண்ணீரில் இரண்டே வகைதான்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நாக்கில் பட்டதும் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். ஆனால் நாக்குக்கு உப்பு தெரியும், சாக்கடை தெரியாது. அதை மனதில் வைத்துப் பார்த்தால் நாம் வழக்கமாகப் போடும் வரிசை அப்படியே புரண்டுவிடும்.

முதலில் வைகை. ருசியில் குறை சொல்ல முடியாது. வருசநாட்டு மலையில் பிறந்து, ஆண்டிபட்டி பக்கம் வைகை அணையைத் தாண்டி, மதுரைக்குள் நுழைகிற வரை கதை வேறு. மதுரைக்குள் கழிவுநீர் சேருகிறது, கீழே திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று வழியில் இருக்கிற ஊர்களும் தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன, நாமோ 258 கிலோமீட்டர் ஆற்றின் கடைசி வாலில் உட்கார்ந்திருக்கிறோம். அணை திறந்து முதலில் வருகிற தண்ணீர், மாதக்கணக்கில் மணலில் தேங்கிக் கிடந்ததை எல்லாம் வாரிக்கொண்டுதான் வரும். வழக்கமான சுத்திகரிப்பு செய்து குடிக்க எடுக்கும் ஆற்றுநீரில்கூட 100 மில்லிக்கு மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 5000-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆற்றுநீரை அப்படியே குடத்தில் மொண்டு குடிப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அதற்காக வைகையே வேண்டாம் என்று சொல்லவில்லை: பெரிய கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு இறங்கும், அந்த வேலையை வேறு எதுவும் செய்யாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர்தான் என் முதல் தேர்வு. திருச்சிப் பக்கம் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் எடுப்பதால் மணலே பாதி வடிகட்டிவிடுகிறது, அப்புறம் குளோரின். சிக்கல் குழாயின் இந்த முனையில்தான். தண்ணீர் எப்போதாவது வருகிறது, வந்ததும் நாலு வீட்டில் மோட்டாரை நேராக இணைப்பில் மாட்டி உறிஞ்சுகிறார்கள், குழாயில் அழுத்தம் விழுகிறது, எங்காவது ஒரு விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே வந்துவிடும். மோட்டார் வைக்கிறவர் தன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அதை இழுக்கிறார்! கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். நிறமே வரவில்லை என்றால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். குளோரின் வாடை பிடிக்காமல் ‘மருந்து தண்ணி’ என்று கொட்டிவிட்டு ஊருணிக்குப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஊருணி மோசம் என்பதில்லை. மழைத்தண்ணீர், உப்பு கிடையாது, வேலி போட்டு ஆடு மாடு இறங்காமல், துணி துவைக்காமல் காத்தால் கார்த்திகை, மார்கழியில் அருமையான தண்ணீர். சித்திரையில் வற்றிப் பச்சை பிடிக்கும்போது நிலைமை மாறும். தேற்றாங்கொட்டையை உரசி விட்டால் கலங்கல்தான் அடியில் படியும், கிருமி சாகாது. கிருமி சாக நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், ஆனால் பச்சை பிடித்த தண்ணீருக்கு அதுவும் போதாது. உப்புக் கிணற்றுத் தண்ணீருக்கும் கொதிக்க வைப்பது உதவாது. கொதிக்கக் கொதிக்க உப்பு கூடத்தான் செய்யும்.

நம் மாவட்டத்து நரிப்பையூரில் செய்து பார்த்தது போல கடல்நீரைக் குடிநீராக்கும் வழியும் உண்டு. கரண்டுச் செலவும் பராமரிப்பும் பெரிது, ஒரு வீட்டுக்காரர் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

கேன் கடைசி. உப்பை எடுத்துவிடுவதால் நாக்கு ஏமாந்துபோகும், ‘மினரல்’ என்று பேர் வேறு. மூடியில் சீல் இருக்கிறதா, லேபிளில் ஐஎஸ் 14543 என்ற அடைத்த குடிநீருக்கான தர எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காலிக் கேனை வெயிலில் தூக்கிப் பிடித்து உள்பக்கம் பாருங்கள், அடியில் பச்சையாக ஒட்டியிருந்தால் அந்த ஆளிடம் அடுத்த கேன் வாங்காதீர்கள்.