இலவச உயில் வாரம்: தாராளமாகப் போகலாம், ஒரு பத்தியை மட்டும் நன்றாகப் படியுங்கள்

தென்னாப்பிரிக்க வக்கீல்களின் சங்கமான லா சொசைட்டி ஆண்டுதோறும் ‘நேஷனல் வில்ஸ் வீக்’ என்ற உயில் வாரம் நடத்துகிறது. அதில் சேரும் வக்கீல்கள் அந்த வாரம் மட்டும் சாதாரண உயிலைக் காசு வாங்காமல் எழுதித் தருவார்கள். டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸுக்கு மாமியார், நாத்தனார், அவள் கணவர், நான், என் கணவர் எல்லோருமாகப் போனோம். வேலை சுத்தம். ஆனால் எக்ஸிகியூட்டர், அதாவது நமக்குப் பிறகு உயில்படி சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர், யார் என்கிற பத்தியை அவர்கள் போக்கில் விட்டுவிடாதீர்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு கறார் என்றால், மாமனார் விஷயத்தில் பட்டாயிற்று. அவர் எப்போதோ ஒரு பேங்கில் உயில் எழுதியிருந்தார். அதுவும் இலவசம்தான். எக்ஸிகியூட்டராக அந்த பேங்கே தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் காலமான பிறகு பில் வந்தது. இங்கே உயிலில் வேறு தொகை எழுதியிருந்தாலோ பேசி முடித்திருந்தாலோ ஒழிய, எக்ஸிகியூட்டர் கட்டணம் சொத்தின் மொத்த மதிப்பில் 3.5 சதவீதம். அதற்கு மேல் 15 சதவீத வாட். 12 லட்சம் ராண்ட் பெறும் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 42,000, வாட்டோடு 48,300. வீட்டுக் கடன் பாக்கியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்களா என்றால், மாட்டார்கள். வீட்டைப் பெயர் மாற்றும் வக்கீல் செலவு தனி. வாரிசுக்கு வரும் வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்கிற பெயர் மாற்ற வரி கிடையாது, அந்த மட்டும் பிழைத்தோம்.

சரி, இந்த ஆபீஸுக்கு வருகிறேன். வக்கீல் ஒரு இளம்பெண். தமிழ் புரிகிறது, பேச வராது. மாமியார் பேசுவதைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நாத்தனாருக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. அதைச் சொல்ல அவள் தயங்கினாள். வக்கீல் முகம் சுளிக்காமல் விளக்கினார். உயில் இல்லாமல் கணவர் இறந்தால், இப்படிக் கோயிலில் கட்டிய இந்து மனைவியும் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். சட்டப்படி 250,000 ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, இதில் எது அதிகமோ அது மனைவிக்கு. ஆனால் அதை நிரூபிக்க அலைவானேன்? இரண்டு பேர் உயிலிலும் ‘மனைவி’, ‘கணவர்’ என்று மட்டும் விடாமல், முழுப் பெயரும் ஐடி எண்ணும் எழுதிவிட்டால் கேள்வியே வராது. அப்படித்தான் எழுதினார்.

மாமியார் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தேன். வக்கீல் தடுத்தார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, என் மருமக கையெழுத்துக்கு என்ன குறை?”

“குறையில்லை ஆன்ட்டி. அவங்க போட்டா உங்க மகனோட பங்கு போயிடலாம்” என்றார்.

சாட்சிக்கு மட்டுமல்ல, சாட்சியின் கணவன் மனைவிக்கும் உயிலில் பங்கு இருக்கக் கூடாது. சாட்சிகள் இருவர், 14 வயது நிரம்பியிருந்தால் போதும். கடைசியில் ரிசப்ஷனில் இருந்த பெண்ணும், அங்கே பயிற்சியில் இருந்த பையனும் போட்டார்கள். மாமியார் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரம் அதிகமாகத் தரலாம்.

பிரச்சினை என்று சொன்னால், அச்சடித்துத் தந்த வரைவில் இவர்களும் தங்கள் ஆபீஸையே எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்ததுதான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதும் முணுமுணுக்காமல் மாற்றினார்கள்: மாமியார் உயிலில் என் கணவரும் நாத்தனாரும் எக்ஸிகியூட்டர்கள், மாஸ்டர் ஆபீஸில் (இறந்தவர் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற அலுவலகம்) பிணை கட்ட வேண்டாம், தேவைப்படும்போது எந்த வக்கீலையும் கட்டணம் பேசி வைத்துக்கொள்ளலாம். 250,000 ராண்டுக்கு மேல் போகிற சொத்தென்றால் மாஸ்டர் ஆபீஸ் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கும், அதனால் வக்கீலே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் அதைத் தேவை வரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளலாமே!

சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள் கவனிக்க: 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பணம் விட்டு, டிரஸ்ட் எதுவும் எழுதாவிட்டால் அது மாஸ்டர் ஆபீஸின் கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போய்விடும். டிரஸ்ட் பத்தி ‘சாதாரண உயில்’ கணக்கில் வராது என்று தனியாகக் காசு வாங்கினார்கள். கொடுத்தோம், வேலைக்குத் தகுந்த காசுதான். என் கணவர் தன் பென்ஷன் ஃபண்டையும் உயிலில் எழுதச் சொன்னார். அதைப் பிரிப்பது ஃபண்டின் டிரஸ்டிகள், உயிலில் எழுதிப் பயனில்லை என்று வக்கீல் எழுத மறுத்துவிட்டார். இப்படி மறுப்பவரைத்தான் நம்பலாம்.

ஐந்துக்கு நான்கு. அந்த வாரத்துக்கு முன்னாலேயே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள், அப்புறம் கிடைக்காது. ஐடி, வீட்டுப் பத்திர நகல், பிள்ளைகளின் முழுப் பெயர்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரிஜினலை அவர்கள் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு நமக்கு நகல்தான் தருகிறார்கள். மாஸ்டர் ஆபீஸ் கேட்பது ஒரிஜினலை. அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.