ரங்கூன் மல்லி வாங்குன நர்சரி, ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

செடி வாங்குன மறுநாளே அஞ்சு ஸ்டார் போடுறதுல அர்த்தமே இல்லங்க, அதுவும் கொடி வகைன்னா அது ஏறி பூத்து ஒரு மழைக்காலம் தாண்டுனா தான் கடைக்காரர் சொன்னது உண்மையா பொய்யான்னு தெரியும், அதான் இவ்ளோ நாள் எழுதாம இருந்தேன்.

எங்க வீடு தாம்பரம் தாண்டி. கேட்டு ஓரமா கொஞ்சம் மண் தரை விட்டிருக்கோம், அதுல ரங்கூன் மல்லி தான் வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. விழுப்புரத்துல எங்க ஆயா வீட்டு வாசல் பந்தல் முழுக்க இந்த கொடி தான் கெடக்கும். பொழுது சாயுறப்ப வெள்ளையா விரியும், மறுநாள் ரோஸ், அதுக்கும் மறுநாள் நல்ல செவப்பு, ஒரே கொத்துல மூணு கலரும் சேர்ந்து தொங்கும். பூவுக்கு அடில ரெண்டு ரெண்டரை இஞ்சுக்கு மெல்லிசா ஒரு குழாய் இருக்கும், அத ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டு பின்னி நாரே இல்லாம சரம் கட்டுவோம். எனக்கு வேணும்னு நெனச்சது அந்த ஒத்தைப் பூ தான்.

மொதல்ல ஆன்லைன்ல தான் வாங்கினேன். போட்டோல அஞ்சு இதழ் தெளிவா தெரிஞ்சுது, வந்த செடிய தொட்டில வச்சு பத்து மாசம் பாத்து பாத்து வளத்தா பூத்தது அடுக்குப் பூ. அழகு தான், வாசனையும் இருக்கு, குறை சொல்ல மாட்டேன், ஆனா நான் கேட்டது அது இல்லையே. மெசேஜ் போட்டா ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சுன்னு ஒரே வரி பதில். பூக்காத கன்னுல இது அடுக்கா ஒத்தையான்னு என்ன மாதிரி ஆளுங்களுக்கு தெரியவே தெரியாதுங்க, அத நம்பி தான் இப்படி அனுப்புறாங்கன்னு தோணுது, மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

அப்புறம் தான் எங்க ஏரியா மெயின் ரோட்டுல இருக்குற இந்த நர்சரிக்கு போனேன், போன வருஷம் தை மாசம். சின்ன எடம். நான் மதுமாலதி இருக்கான்னு கேட்டேன், அந்த அண்ணா ரங்கூன் மல்லியா மேடம், எங்க கிட்ட லோடு எறக்குற தெலுங்கு பசங்க ராதாமனோகரம்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணு தான்னு சொல்லிட்டு வெலைய சொல்றதுக்கு முன்னாடி கேள்வி கேக்க ஆரம்பிச்சார். எங்க வைக்கப் போறீங்க, எத்தனை மணி நேரம் வெயில் விழும், எதுல ஏத்துவீங்க. ஒத்தைப் பூ தான் வேணும்னு சொன்னதும் பின்னாடி வேலிக்கு கூட்டிட்டு போய் தாய்ச்செடிய காட்டினார். சீசன் இல்ல, ஆனாலும் ஒரு கொத்துல நாலஞ்சு பூ வாடாம இருந்துச்சு, அஞ்சு இதழ், நீள குழாய், இதுல பதியம் போட்ட கன்னு தான் மேடம் இதுன்னு கைல குடுத்தார். 180 ரூபாய். தாய்ச்செடிய காட்டி விக்கிற நர்சரி எனக்கு தெரிஞ்சு இது ஒண்ணு தான், இதுக்கே தனியா மார்க் குடுக்கலாம்.

வச்சதும் ஒரு பயம் வந்துச்சு. மூணு மாசம் ஆகியும் கொடியா ஏறாம குத்துச்செடி மாதிரி நிக்குது, மறுபடியும் ஏமாந்துட்டோமான்னு போட்டோ எடுத்து அனுப்பினேன். மொதல்ல இப்படி புதரா தான் நிக்கும், அப்புறம் திடீர்னு கைய நீட்டும், வெயிட் பண்ணுங்கன்னு சொன்னார், சித்திரைல அப்படியே நடந்துச்சு. 17ஆம் நூற்றாண்டுல இந்தோனேசியா பக்கம் அம்போன் தீவுல செடிகொடிய பத்தி எழுதுன ரம்பியஸ்ங்கிறவர் இந்த குணத்த பாத்து தான் இதுக்கு குவிஸ்குவாலிஸ்னு பேர் வச்சாராம், லத்தீன்ல "யாரு? என்ன?"ன்னு அர்த்தம். இப்ப அறிவியல் பேர் காம்ப்ரீட்டம் இண்டிகம்னு மாத்திட்டாங்க, எனக்கு பழைய பேர் தான் புடிச்சிருக்கு.

ஆனா மொத வருஷம் பூவே சரியா வரல. தப்பு என்னோடது, வாரா வாரம் கடலைப் புண்ணாக்கு கரைசல், மாசா மாசம் சாண உரம்னு ஊத்தி ஊத்தி எல்லாம் எலையா போயிடுச்சு. நேர்ல போய் கேட்டப்ப சாப்பாட்ட நிறுத்துங்க மேடம், வெயில் மட்டும் விழட்டும், மழை முடிஞ்சதும் நல்லா வெட்டி விடுங்க, புதுத் தளிர்ல தான் பூக்கும்னு சொன்னார். பாதிக்கு மேல வெட்டுனப்ப கை நடுங்குச்சு. இந்த வருஷம் சித்திரை பொறந்ததும் பூக்க ஆரம்பிச்சது இன்னும் நிக்கல. ராத்திரி எட்டு மணிக்கு கேட்டத் தொறந்தாலே வாசனை வந்து மோதுது, நல்ல மெரூன் கலர் தேன்சிட்டு ஒண்ணு காலைல தவறாம வருது.

குறையும் இருக்கு. எலை உதிர்ந்தா காம்போட அடி மட்டும் கொடியிலயே நின்னு காஞ்சு முள்ளா மாறிடும், அத அவர் சொல்லவே இல்ல, வெறும் கையோட கவாத்து பண்ணி ரெண்டு வெரல் கிழிஞ்சுது. கிளவுஸ் போடுங்க. எவ்ளோ பாரம் ஏறும்னும் சொல்லல, நைலான் கயித்துல கட்டி வச்சிருந்தது ஐப்பசி மழைல மொத்தமா சரிஞ்சு வண்டி மேல விழுந்துச்சு, அப்புறம் ஜிஐ பைப்ல பந்தல் போட்டோம். கொடி வாங்குன அதே நாள் அந்த நர்சரில எடுத்த செம்பருத்தி ராஜமுந்திரி பக்கம் கடியத்துல இருந்து லாரில வந்த சரக்கு, வேரச் சுத்தி களிமண் உருண்டை கல்லு மாதிரி, அத ஊற வச்சு கரைக்காம நட்டதுல தண்ணி உள்ள எறங்காம ரெண்டே மாசத்துல போயிடுச்சு. கேட்டா விவரமா சொல்றார், ஆனா கேக்காதவங்களுக்கும் சொல்லணும்ல. அதுக்காக ஒரு ஸ்டார் கொறச்சு நாலு.

ஒத்தைப் பூ தேடுறவங்க சித்திரைக்கு மேல பூ இருக்குறப்ப போய் கண்ணால பாத்து வாங்குங்க. ஆனா இந்த நர்சரில இப்போதைக்கு கெடைக்காது. மழைநீர் கால்வாய் வெட்டுறப்ப அவரோட வேலியோட அந்த தாய்ச்செடியும் போயிடுச்சு. போன மாசம் உரம் வாங்க போனப்ப சொன்னார், சொல்றப்பவே குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க வீட்டுல மூணடி தள்ளி வேர்ல இருந்து பக்கக் கன்னு நாலு கெளம்பியிருக்குன்னு சொன்னேன், ஞாயித்துக்கிழமை காலைல ஈர சாக்கோட வந்து வேர் அறுபடாம தோண்டி எடுத்துட்டு போனார். காசு வேணாம்னு நான் சொல்லிட்டேன், அவர் ஒரு மூட்டை மண்புழு உரத்த கேட்டு ஓரமா எறக்கி வச்சுட்டு தான் வண்டிய எடுத்தார்.