நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட், என் அனுபவம்
சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரில இருக்குற நம்பிக்கை மையத்துக்கு போயிருந்தேன், டெஸ்ட் முழுக்க ஃப்ரீ. எடுத்தவுடனே ஊசி போடல, கவுன்சிலர் அக்கா கதவ சாத்திட்டு உக்கார வெச்சு பொறுமையா பேசினாங்க, ரிஸ்க் நடந்து 3 மாசம் ஆகலைன்னா நெகட்டிவ் வந்தாலும் மறுபடி வாங்கன்னு சொல்லி, சம்மதம் வாங்கின அப்புறம்தான் ரத்தம் எடுத்தாங்க. மொத டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா அதோட முடிச்சுட மாட்டாங்க, வேற வேற கிட்ல மொத்தம் 3 டெஸ்ட் பாத்துதான் உறுதி பண்ணுவாங்களாம். ரிசல்ட்டும் தனியாதான் சொன்னாங்க, பேர கூப்ட்டு கத்தல, இது எவ்ளோ பெரிய விஷயம்னு போனவங்களுக்குத்தான் தெரியும்.

குறைன்னா வழிகாட்டி போர்டு சரியா இல்ல, மூணு பேர்கிட்ட கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும், இந்த விஷயத்துக்கு வழி கேக்கவே எத்தன பேர் கூச்சப்பட்டு திரும்பி போவாங்க, அத மாத்தியே ஆகணும்.

இந்தியாவுல மொத எச்ஐவி கேஸ் 1986ல நம்ம ஊர்லதான் கண்டுபிடிச்சாங்க. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி டாக்டர் சுனிதி சாலமன், அவங்க ஸ்டூடண்ட் நிர்மலா ரெண்டு பேரும்தான். சேம்பிள எடுத்துட்டு வேலூர் சிஎம்சி வரைக்கும் போய் டெஸ்ட் பண்ணாங்க. சுனிதி மேடம் 1993ல ஒய்ஆர்ஜி கேர்ங்கிற எச்ஐவி சிகிச்சை, ஆலோசனை அமைப்ப ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் இதுலயே இருந்தாங்க. டவுட் இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணுங்க, அதுவும் ஃப்ரீதான்.