கோடிட்ட இடத்துக்கு இந்த நீல அட்டைப் புத்தகம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சாயங்காலம் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "எந்த புக்கு வாங்கட்டும், அக்கா?" என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்'. கேம்பிரிட்ஜ் வெளியீடு. முதலில் வந்தது 1985-இல். நாங்கள் வைத்திருப்பது 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பு.

மொத்தம் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, அவ்வளவுதான் ஒரு பாடம். பக்கம் புரட்டாமலே விதியையும் கோடிட்ட இடத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

'ஷி இஸ் யூஸ்டு டு ___ எர்லி' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'கெட் அப்' போடுவார்கள். 'டு' கண்ணில் பட்டதும் கை தானாக அங்கே போய்விடுகிறது. முன்னால் இருக்கும் 'இஸ்'ஸை யாரும் பார்ப்பதில்லை. அது இருந்தால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டாள் என்று பொருள், விடை 'கெட்டிங் அப்'. அது இல்லாமல் 'ஷி யூஸ்டு டு' என்று மட்டும் வந்தால் முன்பு எழுவாள், இப்போது இல்லை. அங்கேதான் 'கெட் அப்'. இந்த இரண்டையும் மர்ஃபி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறார். இதைப் படித்த பிள்ளைகள் கோட்டைத் தாண்டி வாக்கியம் முழுக்கப் படிக்க ஆரம்பித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. பாடத்தின் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 'ஃபார், சின்ஸ்' பாடத்துப் பயிற்சியில் வேறென்ன வரப்போகிறது? தேர்வில் காலம், முன்னிடைச்சொல், 'ஏ, ஆன், தி' எல்லாம் கலந்து வரும், தலைப்பும் இருக்காது. அதனால் கடைசியில் இருக்கும் 'ஸ்டடி கைடு' பக்கங்களிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கோடிட்ட வாக்கியம், ஏ, பி, சி என்று தெரிவுகள், தெரியாவிட்டால் எந்தப் பாடத்துக்குப் போக வேண்டும் என்ற எண், மூன்றும் அங்கே உண்டு. சில கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடையும் சரி. எனவே ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியாக வாக்கியத்தில் பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 போய்விடும். நான்கு தெரிவுகளில் பொருந்தாத இரண்டை அடித்துவிட்டு யோசிக்கிற பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

நம் தேர்வுகளில் அடிக்கடி வரும் 'நோ சூனர்... தேன்', 'ஹார்ட்லி... வென்' இரண்டுக்கும் இதில் தனிப் பாடம் கிடையாது. பத்தி முழுக்கக் கோடு போட்டு வரும் 'குளோஸ் டெஸ்ட்'டில் சொல்வளமும் வேண்டும், அதற்கும் இது போதாது. இந்த இரண்டுக்கும் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

வாங்கும்போது 'வித் ஆன்ஸர்ஸ்' என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். விடையில்லாப் பதிப்பும் விற்கிறது. என்னிடம் படிக்கும் ஒரு பெண் மலிவாகக் கிடைக்கிறதே என்று நகல் பிரதி வாங்கி வந்தாள். எழுத்து மங்கல், விடைப் பக்கங்களையே காணோம். தனியாகப் படிப்பவருக்கு அந்தப் பக்கங்கள்தான் வாத்தியார்.